ஜக்கம்மா கூரையைப் பிரித்த நாள்

கூடலூரில் காற்று என்றால் அது குமுளி மலையிலிருந்துதான் வரும். இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனி பிறந்துவிட்டால் கணவாய் வழியாக இறங்கி அடிக்கிற அடியில், கொடியில் காயும் சேலையைத் தேனியில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். வைக்கோல் படப்பு போடுவதும், மாட்டுக் கொட்டத்துக்கு மறைப்புக் கட்டுவதும், வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் எல்லாமே அந்த மேல்காற்றை நினைத்துத்தான். காற்று குமுளிப் பக்கமிருந்து தள்ளும், மரம் தேனிப் பக்கம் சாயும். ஆகவே தேனிப் பக்கத்தில் ஒரு கவட்டைக் கம்பை ஊன்றி மரத்தின் கழுத்துக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அப்பேர்ப்பட்ட ஊருக்குக் கடலிலிருந்து புயல் வருகிறது என்று செல்போன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

மலைச்சாமி சுத்தமாக நம்பவில்லை. கடலில் பிறக்கிற புயல் மதுரையைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும், அதற்கும் மிஞ்சி வந்தால் மலை எதற்கு இருக்கிறது என்று டீக்கடையில் நாலு பேருக்குத் தைரியம் சொல்லிவிட்டு, வடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தவருக்குக் கால் வைக்க இடமில்லை. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் குடம், அண்டா, பிளாஸ்டிக் வாளி, கல்யாணத்துக்கு வாங்கிய குத்துப்போணி என்று வீட்டில் இருந்த ஏனம் அத்தனையிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. டார்ச் லைட் சார்ஜில் கிடந்தது. மருமகள் எப்சிபா புளிச்சோற்றைக் கிளறி வாளியில் அமுக்கிக்கொண்டிருந்தாள். அது ரெண்டு நாளைக்குக் கெடாதாம். அவருடைய சம்சாரம் ஜக்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, இது வீடா தண்ணிப் பந்தலா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எப்சிபா இந்த வீட்டுக்கு வந்து வருஷம் திரும்பவில்லை. மகன் விஜயபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த பெண். நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்துக் கிராமம். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் ஒரு பெரிய புயலில் வீடு, தென்னை, படகு எல்லாம் போவதைக் கண்ணால் பார்த்தவள். ஜக்கம்மாவுக்கு அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. சோறு பொங்குகிறாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள், நல்ல பிள்ளைதான். ஆனால் வீட்டு யோசனை, தோட்டத்து யோசனை என்று வரும்போது, நேற்று வந்தவளிடம் என்னத்தைக் கேட்பது என்று இருந்துவிடுவாள். யோசனை கேட்கக்கூடிய மகனோ காய்கறி வண்டி ஏற்றிக்கொண்டு கோட்டயம் போனவன். மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள் என்று குமுளிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, மணிக்கொரு தரம் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

ஜக்கம்மா வாய்தான் கேலி பேசியது. மனசு தோட்டத்தில் கிடந்தது. காரணம் செவ்வாழை.

அதைச் சொல்வதானால் ஏலக்காட்டு ஜீப்பைச் சொல்ல வேண்டும். அவளும் அவள் தோழி பூமாரியும் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அந்த ஜீப்பில்தான் பிழைத்தார்கள். கோழி கூவுமுன் தூக்குவாளியோடு ரோட்டில் நிற்க வேண்டும். ஆடு அடைக்கிற மாதிரி அடைத்து மலைக்குக் கொண்டுபோவான் டிரைவர். அங்கே முதுகு ஒடிய ஏலக்காய் பறித்துவிட்டு, இருட்டின பிறகு அதே மாதிரி இறங்க வேண்டும். ஒரு நாள் வளைவில் ஜீப்பு ஒரு பக்கத்துச் சக்கரம் அந்தரத்தில் தொங்க நின்றது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கின இவர்கள் இரண்டு பேரும் மறுபடி ஏறவில்லை. மலைப்பாதை நெடுக நடந்தே இறங்கினார்கள். வழியெல்லாம் பூமாரி அழுதாள், வழியெல்லாம் ஜக்கம்மா டிரைவரை வைதாள். கீழே வந்ததும் ரோட்டோரத்துக் காளியம்மனுக்கு முன்னால், இனிமேல் கஞ்சி இல்லாமல் செத்தாலும் ஜீப்பில் காலை வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம் குத்தகைக்குப் பிடித்து, ஒரே வாரத்தில் செவ்வாழைக் கன்று ஊன்றினார்கள். நடுவில் ஒரு வாய்க்கால். அந்தப் பக்கம் பூமாரி, இந்தப் பக்கம் ஜக்கம்மா.

செவ்வாழை சோம்பேறி மரம். மற்ற வாழையெல்லாம் வெட்டுக்கு வந்த பிறகும் அது நிதானமாக வளர்ந்துகொண்டிருக்கும். இப்போதுதான் தார் தள்ளி, காய் பாதி திரண்டு, தலைக்கனத்தோடு நின்றது. தை பிறந்தால் வெட்டலாம். இந்த மரம் நின்றால் பிழைத்தாள். படுத்துவிட்டால் ஜக்கம்மா மறுபடியும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். சாமி சத்தியம் சோறு போடுமா?

அதனால் மலைச்சாமி வடையைத் தின்று முடிப்பதற்குள் அவரையும் கிளப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே போனால் பூமாரி முந்திக்கொண்டு நிற்கிறாள். கடைத்தெருவில் கிடைத்த கம்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து இறக்கியிருந்தாள். ஜக்கம்மாவிடமும் பழைய கம்பு ஒரு கட்டு இருந்தது. இரண்டு தோட்டத்திலும் வேலை பறந்தது. மண் அணைக்கிறதென்ன, அடி இலையைக் கழிக்கிறதென்ன, கம்பை ஊன்றி மண்வெட்டிப் புறத்தால் அறைகிறதென்ன! வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டிதான். நீங்கள் எத்தனை வரிசை முடித்தீர்கள் என்று அவள் கேட்க, நீ குனிந்து வேலை பார், என் வரிசையை எண்ணாதே என்று இவள் சொல்ல, திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற மாதிரி ஒரே சத்தம். வானம் என்னவோ ஈயம் பூசின மாதிரி இருந்தது. இலை அசையவில்லை. வேர்த்துக் கொட்டியது.

எப்சிபா சோறு கொண்டுவந்து வரப்பில் வைத்தவள், வைத்த கையோடு நின்று தோட்டத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அத்தை, முட்டு எல்லாம் ஒரே பக்கமா இருக்கே."

"ஒரு மரத்துக்கு எத்தன பக்கம்டி முட்டு வப்பாக? காத்து எங்கிட்டு வருதோ அதுக்கு எதுத்தாப்புல வைக்கணும். குமுளியில இருந்து வரும், தேனிப் பக்கம் வச்சிருக்கு."

"புயல் அப்படி வராது அத்தை. மொதல்ல வாடையிலதான் அடிக்கும். இங்க கணக்குக்குத் தேனிப் பக்கம். அடிச்சு முடிச்சு ஒரு அமைதி வரும். எல்லாரும் முடிஞ்சுதுன்னு நெனைப்பாங்க. அப்புறம் எதுத்த பக்கத்துலருந்து வரும். எங்க ஊர்ல தென்னை எல்லாம் ரெண்டு பக்கமும் விழுந்து கெடந்துச்சு."

பூமாரி அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வாடைக் காற்று வந்தால் மூக்கு ஒழுகும், மரம் விழுமா என்று கேட்டாள். ஜக்கம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. கார்த்திகை மாதத்து வாடையைத் தெரியாதா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் போய்விடும். மலைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சோற்று வாளியைத் திறந்துகொண்டிருந்தார்.

அவர்கள் கை கழுவவில்லை. அதற்குள் ஒரு வீச்சு வந்தது. ஒரே வீச்சுதான், புசுக்கென்று வந்து புசுக்கென்று நின்றுவிட்டது. தோட்டத்து ஓரத்தில் இருந்த ஒரு நல்ல மரம், தாரோடு, மெதுவாகக் குனிகிற மாதிரி குனிந்து படுத்தது. ஜக்கம்மா ஓடிப் போய்ப் பார்த்தாள். முட்டுக் கம்பு ஊன்றின இடத்தில் ஊன்றினபடி கொடிக்கம்பம் மாதிரி நின்றது. மரம் அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்க் கிடந்தது. தலை குமுளியைப் பார்த்துக் கிடந்தது.

அவள் பிறந்த நாளிலிருந்து குமுளிக்குத் தலை வைத்துப் படுத்த வாழையைப் பார்த்ததில்லை.  பக்கத்தில் வந்து நின்ற மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை, நான்தான் சொன்னேனே என்கிற பார்வை பார்க்கவில்லை. அதுவும் பயந்துபோய்த்தான் நின்றது. சரி, இனிமேல் யோசிக்க என்ன இருக்கிறது? தேனிப் பக்கத்தில் வைத்தது அப்படியே இருக்கட்டும், குமுளிப் பக்கத்திலும் முட்டு வைக்க வேண்டும், மரத்தோடு மரத்தைக் கயிற்றால் இழுத்தும் கட்ட வேண்டும். பூமாரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். பூமாரியோ, அது கிழங்கு அழுகின மரமாக இருக்கும் மதினி, அழுகின மரம் எந்தப் பக்கமும் விழும் என்றாள். தன் தோட்டத்துக்கு எல்லா முட்டும் வைத்தாயிற்று என்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கும் கிளம்பிவிட்டாள்.

கம்புக்கு எங்கே போவது? கடைத்தெருவில் ஒரு குச்சி இல்லை. பக்கத்து ஊரான கம்பத்தில் கேட்டால் அங்கேயும் இல்லை. கயிறு கடையில் கடைசிக் கட்டையும் எவனோ வாங்கிப் போய்விட்டான். லோடு ஆட்டோ வைத்திருக்கிற சங்கிலி, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு வந்து நின்றான். ஜக்கம்மா வீட்டு வாசலில் நின்று தலையைச் சொறிந்தாள். சொறிந்த தலை தானாக மேலே போயிற்று. அவள் வீட்டுக்கு நாலு சுவர் செங்கல். கூரை தகரம். தகரத்துக்குக் கீழே தாங்கிக்கொண்டு கிடப்பதெல்லாம் நல்ல வைரம் பாய்ந்த தைலமரக் கம்பு. தகரத்தை இழுத்துக் கட்டியிருப்பதெல்லாம் நைலான் கயிறு.

எப்சிபாவும் அண்ணாந்து பார்த்தாள்.

"எப்படியும் தகரம் பறக்கத்தான் போவுது அத்தை. பறந்தா கம்பையும் சேத்துத் தூக்கிட்டுப் போவும். எங்க வீட்டுது எங்க போச்சுன்னே தெரியல. நாமளே கழட்டி வச்சுட்டா நம்மகிட்டயே இருக்கும்."

"ஏணியை எடுத்தாத்தா" என்றாள் ஜக்கம்மா.

மலைச்சாமி குறுக்கே விழுந்து மறித்தார். புயல் வருகிற அன்றைக்கு வீட்டுக்குக் கூரை போடுகிறவனைப் பார்த்திருக்கிறேன், பிரிக்கிறவளை எங்கேயும் கேட்டதில்லை, நாளைக்குப் புயல் வராமல் போனால் நான் டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியுமா என்று கேட்டார். அவருக்கு அவர் கவலை. ஜக்கம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். ஏலக்காட்டில் ஏறாத சரிவா? கயிற்றை அவிழ்த்து, முறுக்குக் கம்பியைக் குறட்டால் திருகி முதல் தகரத்தைச் சரித்து விட்டபோது எழுந்த சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா! சனங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பொங்கலுக்குக் கரகாட்டம் பார்த்தால்கூட அப்படிச் சிரிக்க மாட்டார்கள். தீப்பிடித்தால்தான் கூரையைப் பிரிப்பார்கள், இவளுக்கு எங்கே தீப்பிடித்தது என்றார் ஒருவர். பூமாரி தன் தார்சு வீட்டு மாடியில் நின்று அதற்குப் பதில் சொன்னாள், மருமகள் வாயில் என்று. எல்லோரும் மறுபடி ஒருமுறை சிரித்தார்கள். ஜக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டதை மேலேயிருந்து பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு பூமாரி நல்ல மனதோடுதான் கூப்பிட்டாள். விளையாட்டு போதும் மதினி, ராத்திரிக்கு எல்லோரும் என் வீட்டுக்கு வந்து படுங்கள், கான்கிரீட் தளம், ஒன்றும் ஆகாது என்றாள்.

"ஒன் வீட்டுப் படியை மிதிச்சா நான் ஜக்கம்மா இல்லடி" என்றாள் கூரையிலிருந்து.

இருந்தாலும் ஊர் என்பது விசித்திரமான சாமான். வாய் சிரித்துக்கொண்டே இருக்கும், கை வேலை செய்துகொண்டே இருக்கும். சிரித்தவர்களில் பாதிப் பேர் வந்து தகரத்தைக் கைமாற்றி இறக்கினார்கள். இறக்கின தகரத்தை மாட்டுக் கொட்டத்துச் சுவரோடு அடுக்கி, மேலே ஆட்டுக்கல், அம்மி, உரல் என்று பாரம் ஏற்றினார்கள். கட்டில், பீரோ, டிவியைத் தார்ப்பாயில் சுற்றிச் சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். சங்கிலி கம்பையும் கயிற்றையும் ஆட்டோவில் ஏற்றி, ஹாரனை அடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் பறந்தான். இதற்கெல்லாம் நடுவில் விஜயபாண்டி போன் போட்டான். வீடு பத்திரமா என்று கேட்டான். வீடு சங்கிலி ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறது என்றார் மலைச்சாமி.

தோட்டத்தில் மாமியாரும் மருமகளும் பேயாய்ப் பாடுபட்டார்கள். வீச்சு இப்போது விட்டு விட்டு வந்தது. தூறலும் சேர்ந்துகொண்டது. ஜக்கம்மா கம்பை ஊன்ற, எப்சிபா கயிற்றை மரத்தின் கழுத்தில் சுற்றி, அடுத்த மரத்தின் அடியில் இழுத்துக் கட்டினாள். அவள் போட்ட முடிச்சு இந்த ஊர் முடிச்சு இல்லை. படகு கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. கூரைக் கயிறு தீர்ந்தது. கொடிக்கயிறு போயிற்று, மாட்டுத் தாம்பு போயிற்று, கிணற்றுக் கயிறு போயிற்று. கடைசியில் ஜக்கம்மா பழைய சேலைகளைக் கொண்டுவரச் சொல்லி நீள நீளமாகக் கிழித்தாள். அதுவும் தீர்ந்தபோது மலைச்சாமி, யாரும் கேட்காமலே, தன் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அதற்கப்புறம் வேலை பார்த்தார். மழையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பயம்தான், ஆனால் என்னவோ ஒரு குஷி. ஏலக்காட்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்து ஒரு நாளும் இப்படி உடம்பு முறுக்கேறினதில்லை ஜக்கம்மாவுக்கு.

சமுதாயக் கூடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். மாடு தாழ்வாரத்தில் நின்றது. எப்சிபா மூலையில் அடுப்பைக் கூட்டி, அவள் அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டைப் போட்டுக் குழம்பு வைத்தாள். வாசனை மண்டபம் முழுக்க நிறைந்தது. சோறு போட்டுக் கை நனைக்கிற நேரத்துக்குச் சரியாக வந்தது காற்று.

வந்தது தேனிப் பக்கமிருந்துதான். இரைச்சல் என்றால் அப்படி இரைச்சல். ஆடிக்காற்று சீறும், இது உறுமியது. ஜன்னல் கதவை நாலு பேர் முதுகு கொடுத்துப் பிடித்தார்கள். சந்து வழியாகப் பார்த்தால் தெருவில் தகரம் பறக்கிறது. பச்சைத் தகரம் போனால், அது பால்காரர் வீட்டுது என்றார்கள். நீலம் போனால், ஐயோ அது என்னுது என்று ஒரு பொம்பளை தலையில் கை வைத்தாள். தன் தகரம் மட்டும் போகாது என்று தெரிந்ததும் ஜக்கம்மாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அடுத்த நிமிஷமே தோட்டம் ஞாபகம் வந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மரம் விழுகிற மாதிரி இருந்தது. அவள் எப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடித்தது தெரியாமலே பிடித்திருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் காற்று சட்டென்று நின்றது. ஏதோ சுவிட்சை அணைத்த மாதிரி. மேற்கே மேகம் கிழிந்து மஞ்சள் வெளிச்சம்கூட விழுந்தது. சனங்கள் முடிந்தது முடிந்தது என்று வாசலுக்கு ஓடினார்கள். ஜக்கம்மா எல்லோருக்கும் முந்தி எழுந்தாள். தோட்டத்தைப் பார்க்காமல் இனி ஒரு நொடி இருக்க முடியாது. வாசலுக்குப் போனால் இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு எப்சிபா நிற்கிறாள்.

"வழிய விடுத்தா."

"விட மாட்டேன் அத்தை. இன்னும் பாதி இருக்கு."

"நின்னு போச்சுல்ல. கண்ணு தெரியலையா? மரம் என்னாச்சுன்னு பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"எங்க அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. படகைப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்னு போனாரு." அவள் நிலையை விடாமலே சொன்னாள். "மூணு நாள் கழிச்சுத்தான் எடுத்தோம்."

கல்யாணத்துக்கு அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் வந்து நின்றது ஜக்கம்மாவுக்கு நினைவு வந்தது. அப்பா இல்லை என்று சொல்லியிருந்தார்கள். எப்படி இல்லாமல் போனார் என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாசலிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு இல்லாமல், தெருவில் வேடிக்கை பார்த்த சனத்தையெல்லாம் பேர் சொல்லி வைது உள்ளே கூப்பிட்டாள். வராதவர்களின் வம்சத்தையே இழுத்தாள். கடைசி ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்தின கொஞ்ச நேரத்தில் குமுளிப் பக்கமிருந்து விழுந்தது அடுத்த அடி. முதலில் வந்ததற்கு இது அண்ணன்.

விடிந்தபோது மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஊர் ஈரத்தில் மினுங்கியது. ஜக்கம்மாவும் எப்சிபாவும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பின்னாலேயே வேட்டியைப் பிடித்துக்கொண்டு மலைச்சாமி. வழி நெடுக வாழை படுத்துக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் தலை குமுளியைப் பார்த்துத்தான்.  தோட்டத்து முக்கு வந்ததும் ஜக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். எப்சிபா அவளைத் தாண்டி ஓடினாள். அடுத்து கேட்டது ஒரு கூச்சல், தமிழா வேறு பாஷையா என்று தெரியாத கூச்சல்.

நின்றுகொண்டிருந்தது தோட்டம்! இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து, சேலைத் துணியும் நைலான் கயிறும் தொங்க, சண்டை போட்டுவிட்டு வந்த ஆள் மாதிரி நின்றது. ஓரத்தில் சிலது போயிருந்தன. மற்றதெல்லாம் தாரைச் சுமந்துகொண்டு நின்றன. ஜக்கம்மா ஒவ்வொரு மரமாகக் கட்டிப் பிடித்தாள். மருமகளைக் கட்டிப் பிடித்தாள். மலைச்சாமியையும் கட்டிப் பிடிக்கப் போனாள், அவர்தான் வேட்டியை நினைத்துப் பின்வாங்கினார். இனி ஜீப்பு இல்லை, இனி இந்த ஜென்மத்துக்கு ஜீப்பு இல்லை என்று சத்தம் போட்டுச் சொன்னாள். அப்படியே வாய்க்கால் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பக்கம் வெளிச்சமாக இருந்தது. மரம் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

பூமாரி வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு. காற்று நின்ற நேரத்தில் அவள் தோட்டத்துக்கு வந்திருக்கிறாள். வந்து, சாய்ந்த ஒரு மரத்தை ஒத்தையில் நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி விழுந்து, குழாய்ப் பாலத்துக்கு அடியில் போய் ஒண்டிக் கிடந்திருக்கிறாள். ஜக்கம்மாவைப் பார்த்ததும் அழவில்லை. சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இந்தப் பக்கத்தில், மரம் விழுந்த தோட்டத்துக்குத் துக்க வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருந்த தோட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லி, அழுகிறவர்களை அழவிட்டு, எழுந்து வருவார்கள். அதற்குத்தான் ஜக்கம்மாவும் வாய்க்காலைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். ஆனால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"நேத்து அந்தப் பிள்ளையைப் பேசுனதுக்கு எனக்கு வேணும் மதினி" என்றாள் பூமாரி. "ஜீப்புக்காரனுக்குப் போன் போட்டுட்டேன். நாளையில இருந்து வர்றேன்னு சொல்லிட்டேன். சத்தியம் என்னோட போகட்டும், நீங்களாவது நல்லா இருங்க."

ஜக்கம்மா எழுந்து பூமாரியின் தோட்டத்துக்குள் போனாள். படுத்தது படுத்ததுதான், அதைப் பார்க்கவில்லை. சாய்ந்ததைப் பார்த்தாள். முதல் காற்றில் சாய்ந்து, இரண்டாவது காற்றில் திரும்பி வந்து, பூமாரி வைத்த முட்டில் அரையும் குறையுமாகத் தொங்கிக்கொண்டு நிறைய மரம் இருந்தது. ஒரு மரத்தின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு பக்கத்து வேர் பிடித்திருந்தது. மண் களியாக இருந்தது. ஈரம் இருக்கும்போதே நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கம்பு கொடுத்து, மண்ணை அணைத்துவிட்டால் பிழைக்கும். வெயில் ஏறி மண் இறுகிவிட்டால் வேர் அறுந்துபோகும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தங்கள் தோட்டத்தில், மலைச்சாமி கூரைக் கம்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மறுபடி மழை இருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தது. அதற்குள் வீட்டுக்குக் கூரை போட வேண்டும். சங்கிலி ஆட்டோவோடு வந்து நின்றான். எப்சிபா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு கம்பைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

"ஏத்தா, அங்கிட்டு எங்க தூக்கிட்டுப் போற? வீடு இங்கிட்டு இருக்கு" என்றார் மலைச்சாமி.

"அம்புட்டுக் கம்பையும் இங்கன கொண்டாங்க" என்றாள் ஜக்கம்மா. "கூரையை நாளைக்குப் போட்டுக்கலாம். இது நாளைக்கு நிமிராது."

பூமாரி எழுந்து வந்தாள். வேண்டாம் மதினி, உங்கள் வீடு திறந்து கிடக்கிறது, மழை வருகிறது என்று கையைப் பிடித்தாள். ஜக்கம்மா கையை உதறினாள். ஜீப்புக்காரனுக்குப் போன் போட்டாயே, எனக்கு ஏன்டி போடவில்லை என்று கேட்டாள். அப்போதுதான் பூமாரிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போய் மரத்துக்குத் தோள் கொடுத்தாள். சங்கிலி ஒரு பக்கம் பிடித்தான். மலைச்சாமி வேட்டியைக் கோவணமாகக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எப்சிபா கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். ஜக்கம்மா ஏலேலோ என்று சத்தம் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். முதல் மரம் சேற்றைச் சப்பிக்கொண்டு மெதுவாக எழுந்தது. எப்சிபா பாய்ந்து முடிச்சைப் போட்டாள்.

அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்கள். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பூமாரி சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னைக்கு ராத்திரிக்கு எங்கன மதினி படுப்பீக?"

"ஒன் வீட்லதான்" என்றாள் ஜக்கம்மா. "கோழி அடிச்சு வையி. மருமகளுக்கு ஈரல் பிடிக்கும்."